ஆற்று மணலில் அவுரி

சங்கரபாண்டியன் தன் ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் இன்னொருவரிடம் வேலைக்குப் போனதில்லை. ஏரலுக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருந்தது. ஒரு தடவை நெல், அடுத்த தடவை வாழை என்று மாற்றி மாற்றிப் போட்டுக் குறைவில்லாமல் இருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் கல்யாணமாகி வெளியூரில். வீட்டில் அவரும் மனைவி செல்லக்கிளியும்தான்.

2023ஆம் வருஷம் மார்கழி பிறந்த அன்று ஆறு ஊருக்குள் வந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதில் ஊரே பள்ளிக்கூடத்து மாடியில் ஏறிக்கொண்டது. தண்ணீர் வடிந்ததும் இறங்கிப் போய்ப் பார்த்தால் வயலைக் காணவில்லை. குலை தள்ளி நின்ற வாழையில் ஒன்றுகூட மிச்சமில்லை. வரப்பு எது, வாய்க்கால் எது என்று அடையாளமே தெரியாமல் இடுப்பளவுக்கு ஆற்று மணல் கிடந்தது. வெயில் பட்டு அது பளபளவென்று மின்னியதைப் பார்க்கச் செல்லக்கிளிக்குப் பொறுக்கவில்லை. ஒரு பிடி அள்ளினாள். விரல் இடுக்கில் எல்லாம் ஒழுகிப் போனது.

"இதுல என்னத்தங்க வெளையும்?" என்றாள்.

சங்கரபாண்டியன் பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து இயந்திரம் வைத்து மேல்மணலை வழித்துப் பார்த்தார். அப்படியும் முழங்கால் அளவு மிஞ்சிவிட்டது. நாற்றும் நிற்காது, வாழைக்கன்றும் பிடிக்காது. சும்மா இருக்க முடியாமல், தெரிந்தவர் ஒருவர் சொல்லி, தை மாதக் கடைசியில் தூத்துக்குடிக்கும் அதை அடுத்த புதுக்கோட்டைக்கும் நடுவில் இருந்த ஒரு ஏற்றுமதி கம்பெனியின் குடோனுக்கு மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்கு வந்தார்.

அந்த குடோனுக்கு வந்ததெல்லாம் அவுரி இலை. சாயத்துக்குப் போடுகிற அவுரி வேறு. இந்தப் பக்கத்தில் அவுரி என்றால் வயிறு இளக்கும் மருந்துச் செடி. நாட்டு மருந்துக் கடையில் நிலாவிரை என்பார்கள். இடுப்பு உயரம் வளரும், கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ பூக்கும். சாத்தான்குளத்துச் செம்மணல் தேரிப் பக்கம், மழையை மட்டும் நம்பிய புஞ்சைக் காடுகளில் விளைகிற இதன் இலை, இங்கே சுத்தமாகி, பொதியாக அமுக்கப்பட்டு, துறைமுகம் வழியாக எந்தெந்த நாட்டுக்கோ போகும். அங்கே அதைத் தேயிலை மாதிரி கொதிக்க வைத்துக் குடிப்பார்களாம்.

முதல் வாரம் சங்கரபாண்டியன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நாள் முழுக்க இலைத்தூசியைச் சுவாசித்ததில் வயிறு கலங்கிவிட்டது. மூட்டையை வைப்பதும் பின்பக்கம் ஓடுவதுமாக இருந்தார். இலை ஆய உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பெண்களும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். அதில் ஒருத்தி மட்டும் எழுந்து வந்து ஒரு துண்டை நீட்டினாள்.

"மூக்கோட சேத்து இறுக்கிக் கெட்டிக்கிடுங்க அண்ணாச்சி. மதியம் மோர்ச்சோறு மட்டும் சாப்பிடுங்க. எங்க எல்லாருக்கும் மொத வாரம் இப்படித்தான் கெடந்துச்சு."

அவள் பெயர் இசக்கித்தாய். நாற்பத்தைந்து வயது இருக்கும். பிறந்த ஊர் சாத்தான்குளத்துக்குப் பக்கம். பிள்ளைகள் படிப்புக்காகப் புதுக்கோட்டையில் வாடகைக்கு வீடு எடுத்து இருந்தாள். ஊரில் இருந்த காட்டில் தம்பி சுடலைக்கண்ணன் அவுரி போட்டான். ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போய் இவளும் கூட வேலை பார்த்துவிட்டு வருவாள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வெள்ளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் தன் வயலைப் பற்றிச் சொன்னார். அவள் சோற்றுக் கையோடு அப்படியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மணலு பொடியா, பருமணலா?" என்றாள்.

"எதுக்கும்மா?"

"ஒரு டப்பால கொண்டாங்க. பாப்போம்."

மறுநாள் பழைய டிபன் டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் கையில் கொட்டிப் பார்த்தாள். ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கவனித்தாள். அடியில் கொஞ்சம் வண்டல் ஒட்டியிருந்ததை விரலால் தேய்த்தாள்.

"இதுல அவுரி வரும் அண்ணாச்சி. நல்லாவே வரும்."

சங்கரபாண்டியனுக்குச் சுருக்கென்றது. "ஆத்துப் பாசனத்து வயல்ல, காட்டுச் செடியப் போடச் சொல்லுதியாம்மா?"

"இப்ப அது வயலாவா இருக்கு?" என்றாள் இசக்கித்தாய். குத்திக்காட்டுகிற குரலில்லை. உள்ளதைக் கேட்டாள். "நீங்க நெல்லு போடப் பத்து வருசம் காத்துக் கெடக்கணும். இது மூணு மாசத்துல இலை தரும். வெயிலுக்குப் பயப்படாது, ஆடு மாடும் வாய் வைக்காது. யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டில் செல்லக்கிளியிடம் சொன்னார். "வெறுமனே அந்த மணலப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கு எதையாவது போட்டுப் பாப்போமே," என்றாள் அவள்.

அடுத்த திங்கட்கிழமை இசக்கித்தாய் ஊரிலிருந்து ஒரு பை நிறைய விதையைத் தூக்கி வந்து அவர் காலடியில் வைத்தாள். பழுப்பு நிறத்தில் தட்டையாக, கல்லைப் போல இருந்தன. வாங்கிய கையோடு அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"இது தோலு கெட்டி. அப்படியே போட்டா மொளைக்காது. பொடிமணலோட சேத்து உரல்ல லேசா இடிச்சு, ஒரு ராத்திரி ஊற வச்சு ஊனுங்க. நெல்லுக்குப் பாய்ச்சுத மாதிரி தண்ணியப் பாய்ச்சிறாதிய, அழுகிப் போயிரும். எட்டு நாளைக்கு ஒரு தண்ணி போதும். உள்ள வேற ஒரு செடியும் நிக்கப்படாது. மொதப் பூவக் கிள்ளிப் போட்ருங்க, அப்பத்தான் இலை தடிக்கும்."

மாசி முடிகிற சமயத்தில் ஊன்றினார்கள். எட்டாம் நாள் காலையில் குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கும்போது செல்லக்கிளியிடமிருந்து போன் வந்தது. எடுத்தார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏளா, என்ன ஆச்சு?"

"மொளச்சிருக்குங்க," என்றாள். "வரிசை வரிசையா மொளச்சிருக்கு."

போனை வைத்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றார். பிறகு வந்து இசக்கித்தாயிடம் சொன்னார். அவள் தலையை நிமிர்த்தாமல், கை இலையை ஆய்ந்தபடியே, "மொளைக்காம என்ன செய்யும்?" என்றாள். ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது.

இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. கோளாறு சங்கரபாண்டியனின் சொந்த அறிவால் வந்தது.

ஆற்றங்கரைச் சம்சாரிக்குப் பசுந்தாள் உரம் என்றால் தாய்ப்பால் மாதிரி. நெல்லுக்கு முந்தி வயலில் சணப்பை விதைத்து, அது பூக்கிற சமயத்தில் மடக்கி உழுவது காலங்காலமான பழக்கம். வெறும் மணலில் இந்த அவுரிக்குச் சத்து எங்கிருந்து வரும் என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. பக்கத்து ஊரில் சித்தப்பா மகனிடம் போய்க் கேட்டுக் கொஞ்சம் சணப்பு விதை வாங்கி வந்து அவுரி வரிசைகளுக்கு நடுவில் தூவினார். வயலின் கிழக்குப் பக்கத்துக் கீழத்துண்டோடு விதை தீர்ந்துவிட்டது. மேலத்துண்டுக்கு இல்லை. சணப்பு கிடுகிடுவென்று வளர்ந்து மஞ்சளாகப் பூ எட்டிப் பார்த்ததும் அறுத்து, வரிசைகளுக்கு நடுவிலேயே பரப்பிவிட்டார். மணலுக்கு மூடாக்கு ஆச்சு, மக்கினால் எருவும் ஆச்சு. இதை இசக்கித்தாயிடம் அவர் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று நினைக்கவில்லை. எருவைப் பற்றி ஒரு மானாவாரிக்காரியிடம் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

செல்லக்கிளி முதல் பூவைக் கிள்ள மனசில்லாமல் கிள்ளினாள். இரண்டாவது பூப்பு வந்தபோது அந்தத் திசையே மஞ்சளாக இருந்தது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு தூங்காத கண்ணுக்கு மருந்து போட்ட மாதிரி இருக்கிறது என்று செல்லக்கிளி சொன்னாள். வைகாசிக் கடைசியில் கீழத்துண்டை முதலில் உருவினார்கள், நாலு நாள் கழித்து மேலத்துண்டு. இலையை வீட்டு முன்தாழ்வாரமான தார்சாவில் நிழலில் பரப்பி, கிளறிக் கிளறிக் காயவைத்து மூட்டை கட்டினார்கள். கீழத்துண்டு ஒன்பது மூட்டை, மேலத்துண்டு பதினாலு. எது முந்திக் காய்ந்தது என்று தெரியவேண்டும் என்பதற்காகச் செல்லக்கிளி பழைய சேலைக் கரையைக் கிழித்து ஒன்றுக்குப் பச்சையும் மற்றதுக்குச் சிவப்புமாக வாய் கட்டியிருந்தாள்.

ஒரு புதன்கிழமை குட்டியானை வண்டியில் ஏற்றி குடோனுக்குக் கொண்டுவந்தார். மற்றவர்கள் மூட்டையை நாலு மாதமாக இறக்கிய தோளில் தன் மூட்டையைத் தானே இறக்கிப் போட்டார். கூட வேலை பார்த்தவர்கள், "அண்ணாச்சி மாப்பிள்ளை மாதிரி நடக்காக பாரு," என்று கேலி செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போகவேண்டும். அதற்கு அவருடைய இலையும் சேரும். ஆய்ந்து முடித்ததும் மற்ற ஊர்களிலிருந்து வந்த இலையோடு கலந்து அந்தப் புதன்கிழமைச் சாயந்திரமே அமுக்கும் மெஷினுக்குப் போகிறதாக ஏற்பாடு.

இசக்கித்தாய்தான் அவருடைய மூட்டையைப் பிரித்தாள். முதல் மூட்டையிலேயே அவள் கை ஒரு தடவை நின்று, பிறகு வேகமாக ஓடியது. மூன்றாவது மூட்டையைத் தட்டியதும் முழுசாக நின்றுவிட்டது. எதையோ எடுத்து முந்தானையில் முடிந்தாள். பக்கத்தில் இருந்த பெண்களிடம், "இந்தக் குவியல யாரும் தொடாதிய," என்று சொல்லிவிட்டு எழுந்து, டீக்குடிக்கப் போகிறவள் போல வெளியே வந்தாள். வேப்பமரத்தடியில் நின்ற சங்கரபாண்டியனுக்கு முன்னால் முந்தானையை அவிழ்த்துக் காட்டினாள்.

"அண்ணாச்சி, உள்ளதச் சொல்லுங்க. வயல்ல வேற என்ன போட்டிய?"

அவள் உள்ளங்கையில் இரண்டு காய்ந்த இலைகள் இருந்தன. அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

"இது அவுரி. காம்புகிட்ட பாருங்க, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கி இருக்கும். இதுக்கு ரெண்டு பக்கமும் சமமா இருக்கு. தடவிப் பாருங்க, பூனை முடி மாதிரி இருக்குல்லா?"

அவர் தடவிப் பார்த்தார். பட்டு மாதிரி மெல்லிய ரோமம் விரலில் தட்டுப்பட்டது.

"சணப்பு," என்றார். "எருவுக்காகப் போட்டேன். அறுத்து வரிசைக்கு நடுவுல பரப்புனேன், உருவும்போது சேந்து வந்திருக்கும்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "அது எருவுக்கு நல்லதுதான் அண்ணாச்சி. ஆனா கொதிக்க வச்சுக் குடிக்கப்படாது. அதுல இருக்க வெசம் ஈரலக் கெடுக்கும். நம்ம காட்டுல நிக்க கிலுகிலுப்பைச் செடியும் இந்தச் சாதிதான். இதுக்குன்னே தனியா டெஸ்ட் இருக்கு. கொஞ்சோண்டு கலந்திருந்தாலும் கப்பல்ல போன மொத்தச் சரக்கும் திரும்பி வந்துரும். வந்தாக்கூடப் பரவாயில்ல. டெஸ்ட்டுல தப்பி யாராவது குடிச்சா?"

சங்கரபாண்டியன் அந்தச் சணப்பு இலையைக் கையில் வாங்கி மறுபடியும் பார்த்தார். எங்கேயோ ஒரு தேசத்தில், வயிறு சரியில்லாத ஒரு கிழவி ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு கப் கொதிக்க வைத்துக் குடிக்கிற மாதிரி அவருக்கு ஒரு காட்சி வந்தது. அந்தக் கிழவியின் முகம் அவருடைய அக்கா முகம் மாதிரி இருந்தது.

"இப்ப நான் என்னம்மா செய்யணும்?"

"நீங்களே போய் மேடத்துகிட்ட சொல்லிருங்க. நான் சொன்னா அது பிடிச்சுக் குடுத்ததா ஆயிரும். நீங்க சொன்னா நீங்க சொன்னது." கொஞ்சம் நிறுத்தி, "நான் கூட வாரேன். வாங்க," என்றாள்.

தரக்கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சுப்ரஜா. ஆழ்வார்திருநகரிப் பெண், முப்பது வயது. சிரித்துப் பேசுவாள், ஆனால் இலை விஷயத்தில் கண்டிப்பு. கண்ணாடி அறைக்குள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள், இரண்டு பேரும் வாசலில் வந்து நின்ற விதத்தைப் பார்த்தே எழுந்துவிட்டாள். சங்கரபாண்டியன் ஒன்றையும் விடாமல் சொன்னார். விதை வாங்கியது, தூவியது, அறுத்துப் பரப்பியது எல்லாம்.

"இன்னும் கலக்கலையே?" என்பதுதான் அவள் முதலில் கேட்டது.

"இல்ல மேடம்," என்றாள் இசக்கித்தாய். "மூணு மூட்டைதான் பிரிச்சோம். தனியாத்தான் கெடக்கு. தொடாதியன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

சுப்ரஜா நாற்காலியில் உட்கார்ந்து நீளமாக மூச்சு விட்டாள். மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துத் தான் குடிக்காமல் அவர் பக்கம் தள்ளினாள். "குடிங்க அண்ணாச்சி."

குடித்தார்.

"இது கலந்து வெள்ளிக்கிழமை போயிருந்தா அந்த கன்டெய்னர்ல இருக்கற நாற்பது விவசாயியோட இலையும் வீணாயிருக்கும். எனக்குக் கோபம் வரது. ஆனா வந்து சொன்னவர்கிட்ட கோபப்பட்டா அடுத்த ஆள் சொல்ல மாட்டார். எந்தத் துண்டுல சணப்பு இருந்தது? எந்த மூட்டைன்னு தெரியுமா?"

அப்போதுதான் அவருக்குச் சேலைக்கரை ஞாபகம் வந்தது. "பச்சைக் கட்டு எல்லாம் கீழத்துண்டு. சிவப்புக் கட்டு மேலத்துண்டு. மேலத்துண்டுல சணப்பு கெடையாது மேடம். ஆனா..." அவர் தயங்கினார். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. "ஆனா ரெண்டையும் ஒரே தார்சாலதான் காயப் போட்டோம்."

பச்சைக் கட்டு ஒன்பதும் உதவாது என்று சுப்ரஜா அங்கேயே சொல்லிவிட்டாள். இலையை ஆய்ந்து எடுத்தாலும் பொடியை எடுக்க முடியாது. சிவப்புக் கட்டு பதினாலையும் தனியாக வைத்து, ஒவ்வொரு இலையாகப் பார்த்து, பிறகு சென்னைக்கு டெஸ்ட்டுக்கு அனுப்பலாம். தேறினால் அடுத்த மாதக் கன்டெய்னரில் சேர்க்கலாம். "ஆனா வேலை நாள்ல இதுக்கு ஆள் ஒதுக்க முடியாது அண்ணாச்சி. மெஷின் நிக்கக்கூடாது."

"நானும் என் வீட்டுக்காரியும் உக்காந்து பாக்கோம் மேடம்."

"நீங்க ரெண்டு பேரும் பாத்தா வருசம் ஆயிரும்," என்றாள் இசக்கித்தாய். "உங்களுக்கு இப்பத்தான எந்த இலை எதுன்னே தெரியும்."

ஒன்பது மூட்டையை அன்றைக்கே திரும்ப ஏற்றினார். ஊரில் கொல்லைப்புறத்தில் குழி வெட்டி அவரும் செல்லக்கிளியும் கொட்டி மூடினார்கள். மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிப் பார்த்த இலை. செல்லக்கிளி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார்.

"நல்ல வேளை," என்றாள் அவள். "அந்தப் பொம்பளை கையில போய் விழுந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லக்கிளியும் அவரும் குடோனுக்குப் போனார்கள். வாசலில் செருப்புகள் கிடந்தன. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு ஜோடி. உள்ளே ஆயும் பெண்கள் அத்தனை பேரும் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் சிவப்புக் கட்டு மூட்டையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருத்திக்கும் வீட்டில் துணி கிடக்கும், கோயில் இருக்கும், ஒருத்திக்கு உப்பளத்தில் வேலை. இசக்கித்தாய் தன் காட்டுக்குப் போகாமல் வந்திருந்தாள்.

"யம்மா, எல்லாரையும் எதுக்கு..." என்றார்.

"வாங்க அண்ணாச்சி, அங்கன நிக்காதிய, வெளிச்சத்த மறைக்கிய," என்றாள் ஒருத்தி. "அக்காவ இங்கன உக்காரச் சொல்லுங்க."

செல்லக்கிளி இசக்கித்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இசக்கித்தாய் அவள் விரலைப் பிடித்து இலையின் அடியைத் தொட்டுக் காட்டினாள். மத்தியானத்துக்குள் செல்லக்கிளியின் கையும் பழகிவிட்டது. பேச்சும் சிரிப்புமாக, மகன் படிப்பு, மருமகள் சண்டை, சீட்டுப் பிடித்தவன் ஓடிப்போன கதை என்று வாய் ஒரு பக்கம் ஓட, கை ஒரு பக்கம் ஓடியது. ஒருத்திக்குச் சணப்பு இலை அகப்பட்டால், "அண்ணாச்சி, இந்தா உங்க எரு!" என்று தூக்கிக் காட்டுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்தார். தன்னைக் குற்றவாளியாக உட்காரவைக்காமல் சிரிக்கவைக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. புரிந்தபோது இன்னும் தாங்கமுடியாமல் இருந்தது. டீ வாங்கப் போகிற சாக்கில் வெளியே போய், ரோட்டோரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

பதினாலு மூட்டையிலும் சேர்த்து அகப்பட்டது முப்பத்தோரு சணப்பு இலை. சாயந்திரம் வெயில் சாய்வதற்குள் முடித்துவிட்டார்கள். சுப்ரஜா திங்கட்கிழமை வந்து மூட்டைக்கு மூட்டை கைவிட்டு மாதிரி எடுத்து, முத்திரை வைத்து அனுப்பினாள்.

முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் சங்கரபாண்டியன் கண்ணாடி அறைப்பக்கம் பார்க்காமலே வேலை செய்தார். பதினோராம் நாள், தோளில் மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தபோது சுப்ரஜா போனைக் கையில் பிடித்தபடி வேகமாக வந்தாள்.

"அண்ணாச்சி, மொதல்ல அந்த மூட்டையை இறக்குங்க."

இறக்கி வைத்தார்.

"சுத்தமா இருக்கு. பதினாலும் பாஸ்."

அவர் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் கை தானாகக் குவிந்தது. சுப்ரஜாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "என்னை எதுக்கு? அங்க போய்ச் சொல்லுங்க," என்று ஆயும் கூடத்தைக் காட்டினாள்.

கூடத்துக்குப் போனார். பன்னிரண்டு தலையும் நிமிர்ந்தன. அவர் முகத்தைப் பார்த்தே விஷயம் தெரிந்து குலவை போட்டுவிட்டார்கள். அவர் இசக்கித்தாய்க்கு முன்னால் போய் நின்றார். விதை கொடுத்தாள், இலையைக் கண்டுபிடித்தாள், யாருக்கும் சொல்லாமல் அவரிடம் சொன்னாள், கூட வந்து நின்றாள், ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தாள். இத்தனைக்கும் சேர்த்து ஒரு வார்த்தையைத் தேடினார். நன்றி என்று சொல்லலாம். அது மேடையில் பேசுகிறவர்கள் சொல்கிற வார்த்தையாக அவருக்குப் பட்டது.

"எங்க வீட்டுக்கு எல்லாரும் சாப்பிட வரணும்," என்றார்.

"என்ன கொழம்பு?" என்றாள் இசக்கித்தாய்.

ஆனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி வேனில் பன்னிரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். சுப்ரஜாவும் வந்தாள். அவளுக்காகச் செல்லக்கிளி வெங்காயம் போடாமல் தனியாக ஒரு அவியல் வைத்திருந்தாள். இசக்கித்தாய் வந்ததும் வராததுமாக நேரே வயலுக்கு நடந்தாள். உருவிய செடிகள் மறுபடியும் தழைத்து நின்றன. கீழத்துண்டைச் சுற்றி வந்து, மக்கிய சணப்பைக் காலால் தள்ளிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் வாரி வெளிய போட்ருங்க அண்ணாச்சி. இந்த மழைக்கு முந்தி ஒரு உழவு. அடுத்த வெள்ளாமை தப்பாது."

"இனிமே ஒரு புல்லு போடணும்னாலும் உன்கிட்ட கேட்டுத்தான் போடுவேன்," என்றார்.

"அப்ப நான் வேலைய விட்டுட்டு இங்கனயே உக்காந்துர வேண்டியதுதான்."

சமையல் முடியக் கொஞ்சம் நேரம் இருந்தது. பெண்கள் ஆற்றைப் பார்த்ததும் குளிக்கவேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். தேரிக்காட்டிலும் உப்பளத்துப் பக்கமும் குடத்துத் தண்ணீரை எண்ணிக் குளித்தவர்கள். மாற்றுத்துணி கூட எடுத்து வரவில்லை. "அக்கா, நீங்களும் வாங்க," என்று செல்லக்கிளியைக் கையைப் பிடித்து இழுத்தாள் இசக்கித்தாய்.

செல்லக்கிளி கையை விடுவித்துக்கொண்டாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் ஆற்றுக்குப் போனதில்லை. குழாய்த் தண்ணீரில் குளித்து, குழாய்த் தண்ணீரில் துவைத்து, ஆறு இருக்கிற திசைக்கு முதுகைக் காட்டியே ஆறு மாதத்தைக் கழித்திருந்தாள். சங்கரபாண்டியன் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்து விட்டுவிட்டார்.

"அது என் வாழையத் தின்ன ஆறு," என்றாள் செல்லக்கிளி. "எனக்கு அதுகூடப் பேச்சில்ல."

"பேசாண்டாம். சும்மா வந்து கரையில நில்லுங்க. எங்களுக்கு நீச்சல் தெரியாதுல்லா, யாராவது தவறி விழுந்தா சத்தம் போட ஆள் வேணும்லா?"

செல்லக்கிளி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "சோறு அடுப்புல இருக்கு."

"நான் பாத்துக்கிடுதேன். போ," என்றார்.

போனாள். சுப்ரஜா வீட்டுப் படியில் நின்று, கூட்டம் வரப்பு வழியாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தானும் பின்னால் ஓடினாள்.

ஆற்றுத்துறை பெண்கள் துறை. அவர் அங்கே போக முடியாது. கொல்லையில் மூட்டிய அடுப்புக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றார். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தண்ணீரை அடிக்கிற சத்தமும் கூச்சலும் வந்தன. பதினாலு குரலும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"ஏளா இசக்கி, அங்கன ஆழம்! இந்தப் பக்கம் வா!" என்று ஒரு குரல் அதட்டியது. தொடர்ந்து அதே குரல் சிரித்தது.

அது செல்லக்கிளி. கரையில் நிற்கிறவளின் குரலாக அது இல்லை, நடு ஆற்றிலிருந்து வந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு இரண்டு பேருக்கும் எப்போது பழக்கமானது என்று அவர் நினைத்துக்கொண்டார். சாமி படத்துக்கு முன்னால் நிற்கிறவரைப் போலக் கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இருந்ததில் சோறு அடிப்பிடிக்கிற வாடை வந்துவிட்டது. ஐயோ என்று துண்டைச் சுருட்டி, பானையை இறக்க ஓடினார்.